கறுப்புத் தாளுக்குள் ஒரு கதிரை

படங்களைப் பார்த்து விவரம் எழுதும் வேலையை இப்போது கணினியே செய்கிறதாம். லண்டனில் நான் வேலை பார்த்த ஆவணக் காப்பகத்தில் என் இடத்துக்கு வந்திருக்கும் ஹன்னா, சென்ற மாதம் மின்னஞ்சல் போட்டிருந்தாள். பழைய கண்ணாடிப் படம் ஒன்றுக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்த விவரத்தையும் கூடவே அனுப்பியிருந்தாள். ஒரு மரத்தின் கீழ் சில ஆண்கள் நிற்கிறார்கள் என்று அது சொன்னது. பிழை என்று சொல்ல முடியவில்லை, போதுமா என்றும் தெரியவில்லை, உங்கள் காலத்தில் இதை எப்படி எழுதினீர்கள் என்று கேட்டிருந்தாள்.

அவளுக்கு ஆங்கிலத்தில் சுருக்கமாகப் பதில் அனுப்பிவிட்டேன். ஆனால் அந்தப் படத்தைப் பற்றிச் சுருக்கமாக எழுத உட்கார்ந்தால் அக்காவின் கணவர், என் அத்தான், வந்து குறுக்கே நிற்கிறார். ஆகவே மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

என்னுடைய படிப்பு கைப்பழக்கம்தான். யாழ்ப்பாணத்தில் ஒரு ஸ்ரூடியோவின் இருட்டறை, பிறகு அகதியாகப் போய்ச் சேர்ந்த ஜெர்மனியில் ஒரு பெரிய புகைப்பட ஆலை, அங்கிருந்து லண்டனுக்கு மாறி வெம்பிளியில் படம் கழுவும் கடை. டிஜிற்றல் கமரா வந்து அந்தக் கடையைத் தின்று தீர்த்தது. வேலை போன கையோடு காப்பகத்தின் விளம்பரத்தைக் கண்டு விண்ணப்பித்தேன். தற்காலிக வேலை என்றார்கள். அந்தத் தற்காலிகத்திலேயே தலை நரைத்து ஓய்வும் பெற்றேன்.

எனக்கு மேலே இருந்தவர் மிஸஸ் பெல். ஒல்லியான, நெட்டையான மனுஷி. யோர்க்ஷயர் பக்கத்துப் பேச்சு, முதல் மாதம் பாதி எனக்கு விளங்கவில்லை. அவர் பாராட்டவும் மாட்டார், ஏசவும் மாட்டார். பிழை கண்டால், “இன்னொரு தடவை பார்ப்போமா?” என்பார். அப்படிக் கேட்டால் அன்றைய வேலை முழுவதையும் திரும்பச் செய்ய வேண்டும் என்று அர்த்தம். அதைவிடக் கடுமையான கேள்வி ஒன்றும் அவரிடம் இருந்தது: “எதைக் கண்டு?” நீங்கள் ஒரு படத்தில் இருப்பவரைப் பணக்காரர் என்று எழுதினால், எதைக் கண்டு என்பார். போட்டிருந்த கோட்டையா, சங்கிலியையா, முகத்தையா? முகம் என்று சொன்னால் தொலைந்தீர்கள்.

நான் பெரும்பாலும் பார்த்தது கண்ணாடிப் படங்கள். சினிமா எல்லா ஊருக்கும் போகாத காலத்தில், விளக்குப் பெட்டியில் செருகித் திரையில் காட்டுவதற்காகச் செய்தவை. இரண்டு சதுரக் கண்ணாடிகள் இருக்கும். ஒன்றில் படம், மற்றது அதைக் காக்கும் மூடி. நடுவில் ஜன்னல் போல வெட்டிய கறுப்புத் தாள் ஒன்று. அந்த ஜன்னலுக்குள் தெரிவது மட்டும்தான் திரையில் விழும். நான்கு விளிம்பையும் கறுப்பு நாடாவால் ஒட்டியிருப்பார்கள். மூலையில் ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கும். விளக்குக்காரர் அதில் பெருவிரலை வைத்துப் பிடித்துச் செருகினால் திரையில் படம் நேராக விழும்.

மிஸஸ் பெல்லின் முறையில் படத்தைக் கடைசியாகத்தான் பார்க்க வேண்டும். முதலில் விளிம்புகள், பிறகு பின்புறம், பிறகு ஒட்டியிருக்கும் எண்கள். எல்லாவற்றையும் தனித்தனியாகக் கமராவில் எடுத்த பின்னரே அடியில் வெளிச்சத்தைப் போட அனுமதி. படத்தை முதலில் பார்த்துவிட்டால் மற்றது கண்ணில் படாது என்பது அவர் கட்சி. கலியாண வீட்டில் நேரே பந்திக்குப் போகிறவன் தாலி கட்டினதைக் காண மாட்டான் என்று எனக்குள் தமிழாக்கிக்கொண்டேன்.

அப்படியான படங்கள் நிறைந்த மரப்பெட்டிகள் சில ஒருமுறை வந்தன. பிரித்தானியப் படையில் இருந்த ஒரு கேணலுடையவை. பெயர் வேண்டாம், பெட்டிகளைக் கொண்டுவந்து தந்த பேரப்பிள்ளைகள் நல்ல மனுஷர்கள்.

கேணலின் காலம் இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்டது. இந்தியாவுக்குப் படிப்படியாகத் தன்னாட்சி கொடுப்பதா என்று லண்டன் அரசாங்கம் யோசித்துக்கொண்டிருந்தது. இலங்கையில் ஆண் பெண் எல்லோருக்கும் வாக்குரிமை கொடுக்கும் ஏற்பாடும் நடந்தது. ஆளும் தரப்புக்குள்ளேயே ஒரு கூட்டத்துக்கு இது வயிற்றில் புளியைக் கரைத்தது. நாடாளுமன்றத்தில் தடுக்க அவர்களுக்கு ஆட்பலம் போதவில்லை. ஆகவே கட்சியின் ஊர்க் கிளைகளைத் தங்கள் பக்கம் இழுக்கப் புறப்பட்டார்கள். கீழ்த்திசையில் சேவை செய்து திரும்பிய அதிகாரிகளும் படைக்காரர்களும் ஊர் ஊராகப் போய் மண்டபங்களில் கூட்டம் வைத்தார்கள். தேநீரும் கேக்கும் கொடுத்து, விளக்கை அணைத்து, படம் காட்டுவார்கள். படத்துக்குப் படம் என்ன சொல்வது என்று தட்டச்சில் அடித்த பேச்சும் கையில் இருக்கும். பேரரசைக் கைவிடாதீர்கள் என்று பேச்சு முடியும்.

நான் சொல்ல வந்த படம் அந்தப் பெட்டிகளில் ஒன்றில் இருந்தது. ஒரு பனை, ஓலை வேலி, பின்னால் நீர் இறைக்கும் துலா பொருத்திய கிணறு. வேட்டியும் சால்வையுமாகச் சில ஆண்கள். எல்லோரும் படத்துக்கு வெளியே, வலது பக்கம் எதையோ பார்த்துக்கொண்டு வாயைப் பிளந்தபடி நின்றார்கள்.

“இது யாழ்ப்பாணம்,” என்றேன்.

“எதைக் கண்டு?” என்றார் மிஸஸ் பெல்.

துலாவையும் வேலியையும் காட்டினேன். அவர் கேட்டுவிட்டு, யாழ்ப்பாணமாக இருக்கலாம் என்று எழுதினார். அந்த ‘இருக்கலாம்’ எனக்குச் சுருக்கென்றது. என் ஊரை நான் சொல்லியும் ‘இருக்கலாம்’ என்றால் என்ன மரியாதை?

பிறகு கேணலின் இலங்கைப் பேச்சில் அந்தப் படத்துக்குரிய பகுதியை வாசித்தேன். வடக்கில் வாழும் இந்தத் தமிழர்கள் சிறு தொகையினர். நாம் கையை எடுத்தால் பெருந்தொகையினர் இவர்களை விழுங்கிவிடுவார்கள். அந்தப் பழி பிரித்தானியாவின் தலையில் விழும். இதுதான் அதன் சாரம். வாசித்தபோது எனக்கு மேல் சிலிர்த்தது. எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கொழும்பில் எரிந்த தமிழர் வீடுகளைக் கண்டவன் நான். எனக்குச் சிலிர்க்காமல் யாருக்குச் சிலிர்க்கும்?

அந்த ஞாயிற்றுக்கிழமை குட்மேய்ஸில் அக்கா வீட்டுச் சாப்பாட்டில் இதைச் சொன்னேன். அத்தானின் பெயர் சிவபாதம். பாரிஸிலிருந்து லண்டனுக்கு மாறி, மின்வேலை செய்து வீடு வாங்கியவர். அக்காவையும் மகளையும் ஊரிலிருந்து எடுப்பித்தார். மகன் கோகுலனுக்கு விசா அலுவல் இழுபட்டு, அவன் பதினெட்டு வயதைத் தாண்டிவிட்டான். தாய் தகப்பனோடு சேர்த்து அவனை எடுக்க முடியாமல் போயிற்று. இலங்கையில் போர் முடிந்த கடைசிச் சண்டையில் அவன் காணாமல் போனான். அதற்குப் பிறகு அத்தான் அவனுடைய பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. பெடியன், பையன், என்று மட்டும் சொல்வார். கூட்டங்களில் பேசும்போதும் என்ரை பெடியன்தான்.

அத்தான் குழைத்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

“திருப்பிச் சொல்லு பாப்பம்.”

திருப்பிச் சொன்னேன்.

“வெள்ளைக்காரன் அப்பவே சொல்லியிருக்கிறான்,” என்றார். “ரஞ்சன், உந்தப் படம் எனக்கு வேணும். பெரிசா. கீழை அவன் சொன்னதையும் போடவேணும்.”

காணாமல் போனவர்களின் உறவினர்கள் கொஞ்சப் பேர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அத்தான் அதன் செயலாளர். லண்டன் நாடாளுமன்றக் கட்டிடத்தில் ஓர் அறையில் சில உறுப்பினர்களைச் சந்திக்க அவர்களுக்கு நேரம் கிடைத்திருந்தது. அதற்குக் கொண்டுபோகப் படமும் எழுத்தும் ஒட்டிய பலகைகள் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். அத்தான் கை கழுவப் போனதும் அக்கா மெதுவாகச் சொன்னாள்.

“எடுத்துக் குடுத்துவிடு தம்பி. எத்தினை வருசமாக் கத்திப் போட்டார். வெள்ளைக்காரன்ரை வாயாலை வந்தால்தான் இஞ்சை கேப்பினம் எண்டு நினைக்கிறார்.”

காப்பகத்தில் யாரும் படத்தின் பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். அத்தானும் விண்ணப்பித்தார். நான் உறவுக்காரன் என்பதை மிஸஸ் பெல்லிடம் சொல்லிவிட்டேன். அப்படியானால் நாம் இருவரும் சேர்ந்தே செய்வோம் என்றார்.

முறைப்படி விளிம்பிலிருந்து தொடங்கினோம். படத்தில் இரண்டு எண்கள் ஒட்டியிருந்தன. ஒன்று இலங்கைப் பேச்சுக்கு உரியது. மற்றது எதற்கு என்று தேடினால், கேணலின் இந்தியப் பேச்சுக்கு. அங்கே இதே ஆட்கள் மதராஸ் மாகாணத்துக் கிராமவாசிகள். உலகம் அறியாத, அரசாங்கம் என்றால் என்னவென்று கேட்கும் இந்தக் கூட்டத்திடமா ஒரு தேசத்தை ஒப்படைப்பது என்று கேணல் கேட்டிருந்தார். ஓர் ஊரில் இவர்கள் இரக்கத்துக்குரியவர்கள், அடுத்த ஊரில் சிரிப்புக்குரியவர்கள். மண்டபத்துக்குத் தக்கபடி வேஷம்.

பிரதி எடுக்க முன்னர் இன்னொரு அலுவல் இருந்தது. ஒரு பக்கத்து நாடா காய்ந்து கழன்றிருந்தது, உள்ளே தூசி போயிருந்தது. திறந்து துடைத்துத்தான் ஒட்ட வேண்டும். மெல்லிய எலும்புத் தகட்டால் நாடாவை மிஸஸ் பெல் விலக்க, மேல் கண்ணாடியை நான் நேராகத் தூக்கினேன். சரிக்கக் கூடாது, சரித்தால் படப் படலம் உரசும். கறுப்புத் தாள் வெளியே வந்தது. கடையில் விற்கும் அளவான ஜன்னல்தான். ஆனால் வலது பக்கத்தில், கத்தரிக்கோலால் வெட்டிய இன்னொரு கறுப்புத் துண்டு கையால் ஒட்டப்பட்டிருந்தது.

அது இல்லாமல் படத்தை வெளிச்சத்தில் வைத்தோம். வலது பக்கத்தில் ஒரு கதிரை. கதிரையில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர். கையில் விரித்த பத்திரிகை.

“என்ன நடக்கிறது?” என்று மிஸஸ் பெல் கேட்டார்.

“பத்திரிகையை உரத்து வாசிக்கிறார். மற்றவர்கள் கேட்கிறார்கள்.”

“உரத்து என்பது எதைக் கண்டு?”

“அவர் வாய் திறந்திருக்கிறது. ஒருவர் காதுக்குப் பின்னால் கையை வைத்திருக்கிறார்.”

பூதக்கண்ணாடியால் நெடுநேரம் பார்த்தார். பிறகு பென்சிலை எடுத்து, ஒருவர் பத்திரிகை வாசிக்க மற்றவர்கள் கேட்கிறார்கள் என்று எழுதினார். ‘இருக்கலாம்’ போடவில்லை.

கேணல்தான் மறைத்தாரா என்று கேட்டேன். யார் ஒட்டினார்கள் என்பது நமக்குத் தெரியாது, ஒட்டியிருக்கிறார்கள் என்பது மட்டும் தெரியும் என்றார். உலகம் அறியாத கூட்டம் என்று காட்டிய ஆட்கள் உலகச் செய்தியைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மிஸஸ் பெல் கையுறையைக் கழற்றிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்.

அன்று பின்னேரம் அத்தானுக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டாவது பேச்சு, கறுப்புத் துண்டு, கதிரை.

“ஆடு நனையுது எண்டு ஓநாய் அழுத கதை அத்தான் இது. அந்தாளுக்கு எங்களிலை ஒரு இரக்கமும் இல்லை.”

“ஓநாய் என்னத்துக்கு அழுதாலும் அழட்டும்,” என்றார் அத்தான். “ஆடு நனைஞ்சதோ இல்லையோ? அதைச் சொல்லு.”

நான் கதிரையைப் பற்றித் திரும்பவும் சொல்லத் தொடங்கினேன்.

“நீ ஒஃபிஸிலை இருந்து விளிம்பைப் பார். எனக்கு அந்த வசனம் காணும், அதுவே போதும்,” என்று போனை வைத்துவிட்டார்.

அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று இன்றைக்கும் என்னால் அடித்துச் சொல்ல முடியாது. கேணல் எதற்காகச் சொன்னாலும், சொன்னது நடந்தது. ஆனால் அந்த மனிதரின் வசனத்துக்குக் கீழே அத்தான் கோகுலனுக்காக நிற்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அத்தானுக்கோ வேறு சாட்சி இல்லை. இரண்டு ஞாயிறு நான் குட்மேய்ஸ் பக்கம் போகவில்லை.

பிறகு ஒரு நாள் அத்தான் காப்பகத்துக்கே வந்து நின்றார். கோட்டும் சூட்டும் போட்டு, சவரம் செய்து, ஏதோ நேர்முகத்துக்கு வந்தவர் போல. பையையும் பேனையையும் வெளியே பூட்டி வைக்க வேண்டும் என்றதும் உடனே எடுத்துக் கொடுத்தார். படம் இன்னும் ஒட்டப்படாமல் இருந்தது. மிஸஸ் பெல்லே தட்டில் ஏந்தி வந்து வைத்தார். கறுப்புத் தாள் பக்கத்தில் ஓர் உறையில் இருந்தது. அடியில் வெளிச்சத்தைப் போட்டார்.

அத்தான் குனிந்து பார்த்தார். பனையையோ துலாவையோ பார்க்கவில்லை, கதிரையில் இருந்தவரையே பார்த்தார்.

“எங்கட பெரியப்பாவும் இப்பிடித்தான் ரஞ்சன். சந்தியிலை கதிரை போட்டு இருந்து பேப்பர் வாசிப்பாராம். எழுத்துத் தெரியாத சனம் சுத்தி நிண்டு கேக்குமாம். அப்பா சொல்லுறவர்.”

“இவர் அவரோ?”

“சீ, இது ஆரோ. எல்லாச் சந்தியிலையும் ஒரு ஆள் இருந்திருப்பார்.” இன்னும் கிட்டக் குனிந்தார். “வாக்குரிமை வந்து முதல் எலெக்சன் நடக்கேக்கை யாழ்ப்பாணத்திலை ஒருத்தரும் போட்டிக்கு நிக்கேல்லை. நிக்கப் போனவையைப் பெரியப்பாவும் மறிச்சவர். முழுச் சுயராச்சியம் தரேல்லை, இது காணாது, பகிஷ்கரியுங்கோ எண்டு.”

அந்தப் பகிஷ்கரிப்பு எனக்கும் தெரியும். அது கெட்டித்தனமா மடத்தனமா என்று எங்கள் ஆட்கள் இன்றைக்கும் சண்டை பிடிப்பார்கள். அத்தானும் நானும் பிடித்திருக்கிறோம். அன்றைக்குப் பிடிக்கவில்லை.

அத்தான் உறைக்குள் இருந்த கறுப்புத் தாளைக் கண்ணால் காட்டினார்.

“எங்கட ஆக்கள் காணாது எண்டவை. இவன், இந்தக் கேணல், கூடிப்போச்சு எண்டவன். ரெண்டு பேரையும் ஒரு பலகையிலை ஒட்டேலாது.”

அவர் கண் கலங்கியிருந்தது. இத்தனை நாளாகக் கொண்டுதிரிந்த வசனத்தை விட்டுவிடுகிறார் என்று விளங்கியது. எனக்கு நெஞ்சு ஆறியது, ஆனாலும் பாவமாகவும் இருந்தது. அந்த அறைக்குள் அவர் வெறுங்கையோடு போகப்போகிறார்.

அத்தான் என்ன சொல்கிறார் என்று மிஸஸ் பெல் கேட்டார். மொழிபெயர்த்தேன். அவர் கறுப்புத் தாள் இருந்த உறையைத் தொட்டார். தாளோடு ஒன்று, தாள் இல்லாமல் ஒன்று, இரண்டு பிரதியும் தருவதுதான் முறை, பெரிதாக எது வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

“கதிரையோடை,” என்றார் அத்தான்.

பிரதி எடுத்து முடிந்த பிறகு படத்தைத் திரும்ப மூட வேண்டியிருந்தது. கறுப்புத் தாளை, அந்த ஒட்டுத்துண்டோடு, இருந்த இடத்திலேயே வைக்கச் சொன்னார் மிஸஸ் பெல். எனக்குக் கை வரவில்லை.

“அவரைத் திரும்பவும் மறைக்கவா?” என்று கேட்டேன்.

“மறைத்தார்கள் என்பதும் இந்தப் படத்தில் நடந்ததுதான். அதை நாம் எடுத்துவிட்டால் அவர்கள் மறைக்கவில்லை என்று ஆகிவிடும். மறைந்திருப்பவரைப் பற்றி விவரத்தில் எழுதுவோம்.”

வைத்தேன். துண்டை நேராக வைத்துக் கண்ணாடியை இறக்கும்போது முதலில் பத்திரிகை போனது, பிறகு கதிரை போனது. என் வேலைக்காலத்தில் நான் மனமில்லாமல் செய்த வேலை அது ஒன்றுதான். அது சரியான வேலை என்பதும் தெரியும். ஹன்னாவுக்கு நான் அனுப்பிய பதில், நாங்கள் அன்று சேர்ந்து எழுதிய விவரம்தான். கணினி பார்த்தது மூடிய படத்தை. அதில் கதிரை எப்படித் தெரியும்?

சந்திப்புக்கு நானும் போனேன். அத்தானுக்கு ஆங்கிலம் வரும். ஆனால் அன்றைக்குத் தமிழில்தான் பேசுவேன், நீ சொல்லு என்று கூட்டிப் போனார். சின்ன அறை. ஒரு பெண் உறுப்பினரும் அவருடைய உதவியாளரும் கடைசி வரை இருந்தார்கள், மற்றவர்கள் வந்து வந்து போனார்கள். எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராகப் பலகையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். மற்றவர்களுடைய பலகைகளில் நிறைய எழுத்து இருந்தது. அத்தானுடையதில் படம் மட்டும்.

உறுப்பினர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். “மன்னிக்க வேண்டும், இவர்கள் யார்?” என்று மரியாதையாகக் கேட்டார்.

அத்தான் படத்தைக் குனிந்து பார்த்தார். ஒரு நூற்றாண்டுக் கதையைச் சொல்லத் தொடங்கப் போகிறார் என்று நினைத்து நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

“தெரியாது எண்டு சொல்லு. இவையின்ரை படத்தை இந்த நாட்டிலை ஊர் ஊராக் காட்டினவை. ஆனால் ஒருத்தரும் பேரைக் கேட்டு எழுதேல்லை.”

சொன்னேன்.

“என்ரை மகன்ரை பேரை நான் சொல்லுறன். எழுதச் சொல்லு.”

அதையும் சொன்னேன். உறுப்பினர் திரும்பிப் பார்க்க, உதவியாளர் பேனையைத் திறந்தார்.

“கோகுலன்,” என்றார் அத்தான்.

எழுத்துக்கூட்டிச் சொல்ல முடியுமா என்று உதவியாளர் கேட்டார். அத்தான் என்னை மொழிபெயர்க்க விடவில்லை. ஆங்கிலத்தில், ஒவ்வொரு எழுத்தாக, தானே சொன்னார். உதவியாளர் எழுதி முடிக்கும் வரைக்கும் பலகையைக் கீழே வைக்கவில்லை.